பிந்தி வந்த சிரிப்பு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில் போகும்போது நாங்கள் கதையை நிறுத்துவதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சத்தம் கேட்டதும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு, அது தெஹிவளைப் பக்கம் போய்த் தொலையும்வரை அசட்டுச் சிரிப்போடு காத்திருப்பார்கள். நாங்கள் அப்படியில்லை. அம்மா குசினி வாசலில் நின்று பால் முடிந்துவிட்டது, வரும்போது வாங்கிக்கொண்டு வா என்பார். ரயில் அதில் ஒரு சொல்லைக்கூட என் காதுக்கு விடாது. நான் ஓம் என்று தலையாட்டுவேன். பின்னேரம் பாலோடுதான் வருவேன். அம்மாவின் வாய் அசைவதைக் கண்டாலே என் மண்டைக்குள் அம்மாவின் குரல் கேட்டுவிடும், அந்த அதட்டல் உட்பட.

என் தொழிலும் கிட்டத்தட்ட அதுதான். கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுத் தொடர் நாடகங்கள் எங்களிடம் வரும், தமிழ் பேசிக்கொண்டு திரும்பிப் போகும். குரல் கொடுப்பது நானில்லை. குரல் கொடுப்பவர்கள் பேசிவிட்டுப் போனபின் அந்தக் குரலை எடுத்து, திரையில் அசையும் வாயோடு ஒட்டுவதுதான் என் வேலை. உதடு மூடுகிற இடத்தில் ஒரு ப-வோ ம-வோ வந்து விழவேண்டும். வாய் திறந்திருக்கும்போது "அம்மா" என்று கேட்டால் சரிவராது. ஒரு நாள் முழுக்க யாரோ ஒரு வெளிநாட்டுக்காரியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பஸ்ஸில் ஏறினால், கண்டக்டரின் உதட்டையும் அப்படியே பார்ப்பேன். அதற்காக வாங்கிக் கட்டியும் இருக்கிறேன்.

இந்த வேலையில் நான் கண்டது இதுதான். மூளை ஒரு கைதேர்ந்த கலியாணத் தரகர். முகம் ஒரு பக்கத்தால் வரும், குரல் இன்னொரு பக்கத்தால் வரும். இரண்டையும் உட்கார வைத்து, நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று முடித்துவைத்துவிடும். டிவியின் ஸ்பீக்கர் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. ஆனாலும் கதாநாயகியின் வாயிலிருந்துதான் குரல் வருகிறது என்று நாங்கள் சத்தியம் பண்ணுவோம். குரல் கொஞ்சம் பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்ளும். தூரத்தில் தேங்காய் வெட்டுகிறவரின் கத்தி முதலில் தெரிந்து, சத்தம் பிறகு கேட்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறதே. குரல் முந்தினால் பொறுக்கவே பொறுக்காது. பிந்துவதற்கும் ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவைத் தாண்டினால் பார்க்கிறவர்கள் சத்தம் பிந்துகிறது என்று சொல்ல மாட்டார்கள். இந்த மனிசி சரியில்லை என்பார்கள்.

உண்மையாகத்தான். ஒரு தொடரில் தங்கமான மாமியார் ஒருவர் இருந்தார். மருமகளுக்குச் சூப் ஊட்டிவிடுகிற மாமியார். ஒரு பகுதி ஒளிபரப்பாகும்போது எங்கோ பிசகி, அவருடைய குரல் மட்டும் பிந்திப் பிந்திப் போயிருக்கிறது. மறுநாள் ஸ்டூடியோவுக்கு ஒரே போன். "அந்த மனிசி ஏதோ திட்டம் போடுது. சூப்புக்குள்ள என்னவோ இருக்கு, பாருங்கோவன்." சூப்புக்குள் கரட் துண்டைத் தவிர ஒன்றும் இல்லை. சொன்னால் யார் கேட்டார்கள்? பாவம் அந்த மாமியார், தொடர் முடியும்வரைக்கும் ஒருவரும் அவரை நம்பவில்லை.

எங்களுக்குக் குரல் கொடுப்பவர்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அழுகைக்கு அவரை அடிக்க ஆளில்லை. ஒருமுறை விளையாட்டாக, அவர் "கா, கா" என்று சொல்வதைப் போனில் படம் பிடித்து, அதன்மேல் அவரே சொன்ன "பா, பா" என்கிற சத்தத்தை ஒட்டிப் போட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் "தா, தா" என்றுதான் கேட்டது. கண்ணை மூடினால் பா. திறந்தால் தா. அக்காவுக்கு வந்ததே கோபம். "நான் தா எண்டு சொல்லவே இல்ல தானே! என்ட வாய்க்குள்ள நீ எப்பிடிப் போட்ட?" என்று என் தோளில் அடித்தார். நான் போடவில்லை, உங்கள் மூளைதான் போட்டது, கண்ணும் காதும் சண்டை பிடித்தால் நடுவில் நின்று ஒரு தீர்ப்புச் சொல்லிவிடும் என்றேன். அவர் தன் மூளையை நம்பத் தயாராக இல்லை. பகல் சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அக்காவுக்குத் தம்பி ஒருவர். அக்கா அவரைச் சிங்களத்தில் மல்லி என்றுதான் சொல்வார், கொட்டாஞ்சேனையில் பாதித் தம்பிமார் மல்லிதான். சரக்குக் கப்பலில் இஞ்சினியர். விடுமுறையில் வந்து சும்மா நின்றவரை, ஒரு தொடரில் சிறைக்காவலருக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை என்று அக்கா இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன். திரும்பி வந்தபோது கணினியில் குரல் மட்டும் இருந்தது. "எழும்பு. உனக்கு விடுதலை." இவ்வளவுதான் வசனம். சொன்ன விதத்தில் எனக்கே விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. அடி வயிற்றிலிருந்து வருகிற, அவசரமே இல்லாத குரல். ஒட்டி முடித்த பிறகும் வேலை இருக்கிற மாதிரிக் காட்டிக்கொண்டு பலதடவை போட்டுக் கேட்டேன். ஆள் நல்ல உயரம், அகன்ற தோள், தடித்த மீசை என்று என் மூளை ஒரு ஆளையே செய்து வைத்துவிட்டது.

அந்தக் கிழமையே ஒரு மழை நாள், அக்காவை ஏற்றிக்கொண்டு போக அவர் வந்தார். வாசலில் மெல்லிய, குட்டையான, கண்ணாடி போட்ட ஒருவர் குடையை உதறிக்கொண்டு நின்றார். மீசையும் இல்லை. "அக்கா நிக்கிறாவா?" என்று அந்தக் குரல் கேட்டது. நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், உண்மையான ஆள் பின்னால் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"யாரைத் தேடுறீங்க?" என்றார்.

"உங்களைத்தான்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. ஐயோ என்று இருந்தது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அந்தக் குரலில்தான் இருந்தது.

கொஞ்ச நாளைக்கு எனக்குப் பெரிய கரைச்சல். நேரில் கதைத்தால் குரல் வேறெங்கோ இருந்து வருகிற மாதிரி இருக்கும். போனில் கதைத்தால் மீசைக்காரன் வந்து நிற்பான். பிறகு ஒரு நாள், பம்பலப்பிட்டியில் இஞ்சி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் ஆவி படிந்து அவர் கண் தெரியாமல் "ஒரு நிமிஷம்" என்றார். அந்த இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. அதன்பிறகு அந்த மீசைக்காரனை எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதில்லை. போனில் ஒரு ஹலோ கேட்டால் போதும், ஆவி படிந்த கண்ணாடியோடு இவர்தான் வருகிறார். ஒட்டியது குரலும் முகமும் மட்டுமல்ல என்பதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல அதிக நாள் எடுக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவர் வந்ததும் கலியாணம் செய்வோம் என்று முடிவெடுத்துவிட்டோம்.

அவர் கப்பல் ஏறிப் போன பிறகுதான் எங்கள் வீட்டில் சொன்னேன். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்பதைக் கடைசியாகத்தான் சொன்னேன். அம்மா சைவம்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர். ஆகவே அந்தப் பக்கத்தால் அடி வரவில்லை. "அதுக்கென்ன, நல்ல மனிசரா இருந்தால் சரி" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். "மாமா கதைச்சுப் பார்த்து ஓம் எண்டால் எனக்கும் ஓம். மாமா இல்லையெண்டால் ஹெவ்லொக் டவுன் கணக்காளரின்ர ஆக்களை வரச் சொல்லுறன். அவையள் எத்தினை நாளாய் உன்னைப் பொம்பிளை கேட்டுக்கொண்டிருக்கினம்."

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அப்பா திடீரென்று மாரடைப்பில் போனபிறகு எங்களுக்கு எல்லாமே அவர்தான். துறைமுகத்தில் பயணிகளின் சாமான்களைச் சோதித்து டியூட்டி, அதாவது சுங்க வரி, அறவிடும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணமும் மாமா மாப்பிள்ளையைக் கேள்வி கேட்காமல் நடந்ததில்லை. மாமாவின் முறை எல்லோருக்கும் மனப்பாடம். "பெட்டியைத் திறக்கத் தேவையில்லை பிள்ளை. ஆளைத் திறந்தால் காணும். கேள்வி கேட்டிட்டு முகத்தைப் பார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில ஒரு ஓட்டை வரும். சாமான் அந்த ஓட்டைக்குள்ளதான் இருக்கும்." ஒரு மச்சாளுக்குப் பேசிய மாப்பிள்ளை லண்டனில் ஏற்கனவே ஒரு குடும்பம் வைத்திருந்ததை மாமா இப்படித்தான் பிடித்தார். அதிலிருந்து மாமாவின் சொல்லுக்குக் குடும்பத்தில் மறுபேச்சுக் கிடையாது.

எனக்கு அம்மாவை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்ய மனம் வராது. வராது என்றால் வராதுதான். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஆகவே மாமா இல்லை என்றால் அம்மா இல்லை, அம்மா இல்லை என்றால் இவர் இல்லை. கணக்கு அவ்வளவு சின்னது. அவர் கரைக்கு வர இன்னும் மாதக் கணக்கு இருந்தது. அதுவரைக்கும் கணக்காளரின் ஆட்கள் பொறுக்கமாட்டார்கள். வீடியோ கோலில் கதைப்பது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மாமா அயர்ன் பண்ணின வெள்ளைச் சேர்ட்டில் வந்தார், பழைய உத்தியோகத்துக்குப் போகிற மாதிரியே. மாமியும் வந்தார். மாமிக்கு இதில் விருப்பம் அதிகம், கலியாணம் என்றால் புதுச் சேலை என்பது அவருடைய கொள்கை. போனை ரைஸ் குக்கரில் சாத்தி வைத்தேன். கப்பல் எந்தக் கடலில் நின்றதோ, படம் கட்டம் கட்டமாக வந்தது. அவர் நல்ல சேர்ட் போட்டு, தலையைத் தண்ணி தொட்டு வாரி, பள்ளிக்கூடப் படத்துக்கு இருக்கிற மாதிரி இருந்தார்.

"வணக்கம் தம்பி" என்றார் மாமா.

அவர் முகம் ஒன்றும் செய்யவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் "வணக்கம் மாமா" என்று குரல் வந்தது. வாய் அதற்குப் பிறகு அசைந்தது. குரல் முந்துகிறது, முகம் பிந்துகிறது. இரண்டும் சேர்ந்து எங்களுக்குப் பிந்துகிறது. என் தொழிலில் இதைவிடக் கேடு வேறில்லை.

"குடிக்கிறனீரோ?" மாமா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

ஒரு பெரிய ஓட்டை. முகம் இமைக்காமல் இருந்தது. "இல்ல மாமா" என்றது குரல். குரல் இல்லை என்று சொல்லி முடிந்தபிறகு முகம் ஓம் என்று தலையாட்டியது. அது முந்தைய வணக்கத்துக்கான தலையாட்டல். எனக்குத் தெரியும். மாமாவுக்கு?

இன்னும் சில கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அதே ஓட்டை. நடுவில் படம் உறைந்து, ஒரு கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவர் மாதிரி நிறைய நேரம் நின்றார். மாமி "பாவம், பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்றார்.

மாமா நல்ல மனிதர். இறுக்கத்தைக் குறைக்கப் பார்த்தார். முன்னால் குனிந்து, "தம்பி, கப்பல்காரரெண்டபடியால் சொல்லுறன். எங்கட மருமோளை இஞ்சயிருந்து கொண்டு போறதெண்டால் எனக்கு டியூட்டி கட்டிப்போட்டுத்தான் கொண்டு போகலாம்" என்றார். சொல்லிவிட்டுத் தானே பெரிதாகச் சிரித்தார். அங்கிருந்து சிரிப்பில்லை. கல்லு மாதிரி ஒரு முகம். மாமாவின் சிரிப்பு மெல்ல வடிந்தது. கொஞ்சம் வெட்கப்பட்டார் போல, கதையை மாற்றினார். குரல் தணிந்தது. "இவளின்ர அப்பா இருந்திருந்தால் இந்தக் கதிரையில அவர்தான் இருந்திருப்பார். ஒரு நாள் காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்த மனிசன், அப்பிடியே..."

அப்போது சிரிப்பு வந்தது.

அந்தக் குரலில், அடி வயிற்றிலிருந்து, ஹா ஹா என்று. திரையில் பல்லெல்லாம் தெரிந்தது. அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்தார். நான் போனைப் பிடித்துக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. திரை கறுத்தது. லைன் போய்விட்டது. அதன்பிறகு எவ்வளவு முயன்றும் அன்றைக்கு எடுக்க முடியவில்லை.

மாமா எழுந்து சேர்ட்டை இழுத்துவிட்டார். "சரி தங்கச்சி. கணக்காளரின்ர ஆக்களை வரச் சொல்லு."

"மாமா, அது லைன் பிந்தினது! அவர் உங்கட பகிடிக்குத்தான் சிரிச்சவர்!"

"நான் என்ன விசரனோ பிள்ளை? லைன் பிந்தும் எண்டு எனக்கும் தெரியும். அதைக் கழிச்சுப் பார்த்துத்தான் சொல்லுறன். வாய் ஒண்டு சொல்லுது, முகம் இன்னொண்டு சொல்லுது. எனக்கு நெஞ்சுக்குள்ள சரிவரேல்லை."

நெஞ்சுக்குள்ளாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ரைஸ் குக்கரைத் தூக்கி எறிந்திருப்பேன், அது அம்மாவின் ரைஸ் குக்கர் என்றபடியால் விட்டேன். அறைக்குள் போய் நன்றாக அழுதேன். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தச் சூப் மாமியாரின் ஞாபகம் வந்தது. பிந்துகிறது என்று சொல்லி விளங்கப்படுத்தி மாமாவின் மூளையைத் திருத்த முடியாது. அக்காவுக்கும் கடைசிவரைக்கும் தா என்றுதானே கேட்டது, தானே பா என்று சொன்னவர் என்று தெரிந்தும். அறிவுக்குத் தெரிந்தாலும் கண்ணும் காதும் தங்கள் தீர்ப்பை மாற்றுவதில்லை. மாமாவுக்கு அதைச் சொல்லக்கூடாது, காட்டவேண்டும்.

மாமாவின் மகளுடைய கலியாண வீடியோ என்னிடம் இருந்தது. அதில் மாமா பேசிய பேச்சு எங்கள் குடும்பத்தில் பிரபலம். "என்ர பிள்ளை பிறந்த அண்டைக்கு நான் அடைஞ்ச சந்தோசம் இண்டைக்குத்தான் திரும்ப வந்திருக்கு" என்று மாமா சொல்லும்போது மண்டபமே மூக்கை உறிஞ்சியது. அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், குரலைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினேன். அங்கங்கே ஒரு மூச்சு நேரம் இடைவெளி விட்டேன். சொல்லில் ஒன்றையும் தொடவில்லை.

கணக்காளரின் ஆட்கள் வருவதற்கு முதல் நாள், மாமா வீட்டுக்குப் போய் டிவியில் போட்டேன். "மச்சாளின்ர வீடியோவைத் திருத்தினனான், பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். மாமியும் அம்மாவும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கச்சான் சத்தம் நின்றது.

"இந்த மனிசன் ஏன் இப்பிடி மனமில்லாமல் கதைக்குது?" என்றார் மாமி. "அண்டைக்கு நல்லாத்தானே இருந்தது. யாரோ எழுதிக் குடுத்ததை வாசிக்கிற மாதிரி."

அம்மா என்னைப் பார்த்தார். மாமா திரையில் இருந்த தன் முகத்தையே, அந்த உத்தியோகப் பார்வையில், கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மாமியிடம் திரும்பினார். "நான் அண்டைக்கு உண்மையாத்தானே கதைச்சனான்?" குரலில் ஒரு பயம் இருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

பிறகு சரியானதைப் போட்டேன். அதே மாமா, அதே சொல். மாமி பேச்சின் நடுவிலேயே கண்ணைத் துடைத்தார். நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். மாமி "அடி கள்ளி!" என்று கச்சான் கோது ஒன்றை என்மேல் எறிந்தார்.

மாமா சிரிக்கவில்லை. "மற்றதை இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். தந்திரம் தெரிந்த பிறகு பார்க்கிறார், தன் மனதில் அன்றைக்கு இருந்ததும் தெரியும். பார்த்து முடித்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். "நான்தானே கதைக்கிறன். ஆனா இவனை எனக்கு நம்ப முடியேல்லையே பிள்ளை." பிறகு, "அந்தத் தம்பிக்கு இப்ப கோல் எடுக்கலாமோ?" என்று கேட்டார்.

வீடியோ பொத்தானை அழுத்தப் போனேன்.

"படம் வேண்டாம். குரல் மட்டும் காணும்."

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார், இஞ்சின் அறையில் நிற்பார் என்று நினைத்தபோது "ஹலோ?" என்றார். மாமா போனை மேசையில் வைத்து, கதிரையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணையும் மூடிக்கொண்டார். மாமாவை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை.

"தம்பி, நான்தான். ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நான் இவளின்ர அப்பாவைப் பற்றிச் சொல்லேக்க சிரிச்சனீர்."

ஓட்டை வந்தது. மாமா கண்ணைத் திறக்கவில்லை, எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை.

"மாமா, அது உங்கட டியூட்டிப் பகிடிக்குச் சிரிச்சது. அப்பாட கதை எனக்குப் பிறகு தான் கேட்டுச்சு. கேட்ட நேரம் லைன் கட்டாகிட்டு." கொஞ்சம் நின்றார். லைனா, அவரா என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியும் மாமா இந்தப் பிந்திறது. என்ட அப்பா போன செய்தியும் இப்பிடி ஒரு கோல்ல தான் வந்தது. நான் நடுக்கடல்ல. படத்தில அக்காட முகம் முதல்ல வந்தது. அழுறா. சத்தம் வரல்ல. சத்தம் வாற வரைக்கும் நான் அவட வாயைத் தான் பாத்துட்டு இருந்தன். வேற என்னத்தையாவது சொல்லிரணும் எண்டு."

அவருடைய அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். இது தெரியாது. என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அக்கா, ஸ்டூடியோவில் எங்களையெல்லாம் அழவைக்கிற அக்கா, அவரும் சொன்னதில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமா சுவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

"ஹலோ? மாமா? கேக்குதா? லைன் இருக்கா?"

லைன் நன்றாகத்தான் இருந்தது.

"கேக்குது தம்பி" என்றார் மாமா கடைசியில். குரலைச் செருமிச் சரிப்படுத்தினார். "கேக்குது. இன்னும் ஒரு கேள்விதான். யோசிச்சுச் சொல்லவேண்டாம். அந்தப் பகிடி நல்ல பகிடியோ?"

மாமி என் முழங்கையில் கிள்ளினார். ஓம் என்று சொல்லு, ஓம் என்று சொல்லு என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். எவ்வளவு நேரம், கடவுளே!

"இல்ல மாமா" என்றது அந்தக் குரல், அவசரமே இல்லாமல். "படு மோசம். நீங்க மாமா எண்டதால சிரிச்சன்."

நான் தலையில் கை வைத்தேன். மாமா கண்ணைத் திறந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அம்மா எழும்பினார். இல்லை, சிரிப்பு. கதிரை கிரீச்சிட, கண்ணில் தண்ணி வர, மாமா சிரித்தார். "தங்கச்சி, இவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஹெவ்லொக் டவுனுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் எண்டு சொல்லு." மாமி சிரித்தார், அம்மா சிரித்துக்கொண்டே அழுதார், நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. போனில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கம் அவர் ஒன்றும் தெரியாமல், தன் பதிலோடு தனியாக நின்றுகொண்டிருந்தார்.

நான் பதறி "கேட்டுதா? மாமா ஓம் எண்டுட்டார், கேட்டுதா?" என்று போனை எடுக்கப் பாய்ந்தேன். மாமா என் கையைத் தடுத்தார். கதிரையைத் திருப்பி மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, போனுக்கு மேலே குனிந்தார்.

"பொறு பிள்ளை, அவசரப்படாத. இப்ப வரும்."

நாங்கள் நான்கு பேரும் மூச்சுவிடாமல் போனைச் சுற்றி நின்றோம். சிரிப்பு வந்தது.